வெளியே அனுப்பியவர் மறுபடி உள்ளே வந்தால்...

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். விஜய் தொலைக்காட்சியில் பிக்பாஸ் மூன்றாவது சீசன் பாதியை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். தொடக்க வாரங்களிலேயே மக்கள் வாக்கில் வெளியேற்றப்பட்ட வனிதா விஜயகுமார் மீண்டும் அந்த வீட்டுக்குள் வந்தார். முதலில் விருந்தாளி என்றார்கள். பிறகு போட்டியாளர் என்றார்கள்.

நம் நாட்டில் அந்த சீசனை வழக்கத்தைவிட உன்னிப்பாகப் பார்த்தார்கள். காரணம், மலேசியப் பாடகர் முகேன் ராவ் உள்ளே இருந்தார். மலாக்கா, ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா என்று பல ஊர்களில் இரவுச் சாப்பாடு தொலைக்காட்சிக்கு முன்னால் நகர்ந்துவிட்ட காலம் அது. முகேன் நம் வீட்டுப் பிள்ளை. அவர் இருக்கும் வீட்டுக்குள், வெளியே அனுப்பப்பட்ட ஒருவரைக் கூட்டிவந்து விட்டால் சும்மா இருப்பார்களா? "அனுப்பினவங்கள எதுக்குத் திரும்பக் கூப்பிடுறாங்க? அப்ப நம்ம ஓட்டுக்கு என்னா மரியாதை?" என்ற கேள்வி எழாத வீடு குறைவு.

கேள்வி சரியானதுதான். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல்தான் ரசிகர்கள் இத்தனை ஆண்டுகளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதலாவது, தகவல் பற்றியது. வனிதா வெளியே இருந்த நாள்களில் மற்றவர்களைப் போல நிகழ்ச்சியைப் பார்க்க முடிந்தது. யார் மக்களிடம் எப்படித் தெரிகிறார், எந்த நட்பு வெளியே எப்படிப் பேசப்படுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். உள்ளே இருந்தவர்களுக்கோ கடிகாரம்கூடக் கிடையாது. அவர் வந்து பேசத் தொடங்கிய சில நாள்களில் வீட்டின் நிலவரமே மாறியது. முகேனும் அபிராமியும் எல்லாருக்கும் முன்னால் மோதிக்கொண்டார்கள். தேர்வு நடந்துகொண்டிருக்கும் வகுப்பறைக்குள் விடைத்தாளைப் பார்த்துவிட்ட ஒருவர் நுழைந்த கதைதான்.

இரண்டாவது, தீர்ப்பு பற்றியது. மக்கள் வாக்களித்து ஒருவரை அனுப்பிய பிறகு, அந்தத் தீர்ப்பை நிகழ்ச்சித் தயாரிப்பாளர் மாற்றலாமா? அதே சீசனில் இயக்குநர் சேரனை வெளியேற்றப்பட்டவராக அறிவித்துவிட்டு, ரகசிய அறையில் உட்காரவைத்து, சில நாள் கழித்து மீண்டும் வீட்டுக்குள் அனுப்பினார்கள். அவர் வீட்டை விட்டு முழுதாகப் போகவே இல்லை. ஆனாலும் உள்ளே மற்றவர்கள் தன்னைப் பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டு வந்தார்.

இந்த இரண்டில் ரசிகரை உண்மையில் புண்படுத்துவது எது? பலர் தகவலைச் சொல்வார்கள். ஆனால் 2023இல் தொடங்கிய ஏழாவது சீசனைப் பாருங்கள். நான்கு வாரம் முடிந்த பிறகு வைல்ட் கார்டில் நுழைந்த அர்ச்சனா ரவிச்சந்திரன், அதுவரை நடந்த எல்லாவற்றையும் வெளியிலிருந்து பார்க்க வாய்ப்பு இருந்தவர். அவரே 2024 ஜனவரி 14இல் பட்டத்தையும் வென்றார். வைல்ட் கார்டில் வந்து தமிழ் பிக்பாஸ் பட்டம் வென்ற முதல் போட்டியாளர் அவர். அதற்காகப் பெரிய கலகம் எதுவும் வரவில்லை. அதே சீசனில் வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த விஜய் வர்மா, அனன்யா ராவ் ஆகியோர் விஷயத்தில்தான் முணுமுணுப்பு கேட்டது. தகவல் இரு தரப்புக்கும் ஒன்றுதான். வித்தியாசம் இதுதான்: அர்ச்சனாவை யாரும் அதற்கு முன் நிராகரிக்கவில்லை. ஆக, ரசிகருக்கு வலிப்பது தன் வாக்கு.

சபாவில் பிறந்த விளையாட்டு

இந்தத் திரும்பி வரும் பழக்கம் தமிழ்த் தொலைக்காட்சியில் தோன்றியதல்ல. பிக்பாஸின் மூலமான பிக் பிரதர் 1999இல் நெதர்லாந்தில் தொடங்கியது. அதற்கும் முன்பே 1997இல் சுவீடனில் ராபின்சன் என்ற தீவுப் போட்டி வந்துவிட்டது. சக போட்டியாளர்களே வாக்களித்து ஒருவரை அனுப்பும் முறையைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது அதுதான். அந்த முதல் சீசனில் முதலாவதாக வெளியேற்றப்பட்டவர், நிகழ்ச்சி ஒளியேறுவதற்கு முன்பே உயிரை மாய்த்துக்கொண்டார். 'வெறும் விளையாட்டுத்தானே' என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

அந்த சுவீடன் போட்டியின் அமெரிக்கப் பதிப்புதான் சர்வைவர். அதன் முதல் சீசன் எங்கே படமாக்கப்பட்டது தெரியுமா? நம் சபா மாநிலத்தின் பூலாவ் தீகாவில். 2000ஆம் ஆண்டு 16 பேர், 39 நாள், 10 லட்சம் அமெரிக்க டாலர் பரிசு. பட்டம் வென்றவர் ரிச்சர்ட் ஹாட்ச். நான்கு ஆண்டு கழித்து, 2004இல், பழைய போட்டியாளர்களை மட்டும் கூட்டிவந்து ஒரு தனி சீசன் நடத்தினார்கள். ஹாட்ச் அதிலும் வந்தார், வெல்லவில்லை. எல்லாரும் அவரைப் படித்து வைத்திருந்தார்கள். ஒருமுறை பலித்த தந்திரம் மறுமுறை பலிப்பதில்லை என்பதைத் திரும்பி வந்தவர்களில் முதலில் அனுபவித்தவர்களில் அவரும் ஒருவர்.

இடையில், 2003இல், இன்னொரு சோதனை நடந்தது. ஏற்கெனவே வெளியேற்றப்பட்டவர்களை ஒரு தனி அணியாகத் திரட்டி, உள்ளே இருப்பவர்களோடு மோதவிட்டு, வென்றதால் இருவரை மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த இருவரில் ஒரு பெண்மணி இறுதி இருவரில் ஒருவராக வந்து நின்றார். போட்டியாளர்களுக்கே கோபம். முன்கூட்டி யாருக்கும் சொல்லாமல் செய்த காரியம் அது. பிறகு 2019இல் 38ஆவது சீசனில் உச்சம் தொட்டது. கிறிஸ் அண்டர்வுட் என்பவர் எட்டாம் நாளே வெளியேற்றப்பட்டார். ஒதுக்குப்புறமான ஓரிடத்தில் 28 நாள் கிடந்தார். கடைசி நேரத்தில் ஒரு போட்டியில் வென்று உள்ளே வந்து, சில நாள்களில் பட்டத்தையே தூக்கிக்கொண்டு போனார். முப்பத்தொன்பது நாளில் பெரும்பகுதியை ஆட்டத்துக்கு வெளியே கழித்தவர் வெற்றியாளரா என்று அமெரிக்க ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். நம்ம ஆட்கள் மட்டும்தான் இதற்கெல்லாம் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்துக் கூச்சப்பட வேண்டியதில்லை.

தமிழில் அந்த ஏற்பாட்டை வெளிப்படையாகச் செய்தது 2021இல் ஜீ தமிழில் வந்த சர்வைவர். நடிகர் அர்ஜுன் தொகுத்து வழங்க, ஆப்பிரிக்காவின் சான்சிபாரில் நடந்த போட்டி. காடர்கள், வேடர்கள் என்று இரண்டு அணி. வெளியேற்றப்பட்டவர்களுக்கு 'மூன்றாம் உலகம்' என்று தனித் தீவு. அங்கே போட்டியிட்டுத் தாக்குப்பிடித்தால் திரும்பி வரலாம். நடிகை விஜயலட்சுமி அப்படி அந்தத் தீவுக்குப் போய்த் திரும்பி வந்து, ஒரு கோடி ரூபாய் பரிசையும் வென்றார். 2018இல் பிக்பாஸ் இரண்டாவது சீசனில் வைல்ட் கார்டாக வந்தவரும் இவரே. இந்த வெற்றியைத் திருட்டு என்று சொல்வதற்கு இடமில்லை. எல்லாருக்கும் ஒரே சட்டம். வெளியே போனாலும் வழி உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். பசியோடு, மணலில் படுத்து, ஒவ்வொரு போட்டியாக வென்று வந்தார். சோபாவில் உட்கார்ந்து நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வரவில்லை.

குறுந்தகவல் காலம்

மலேசிய ரசிகருக்கு இதெல்லாம் 2017இல் பிக்பாஸோடு வந்த புதுச் சங்கதி அல்ல. அஸ்ட்ரோவில் 2003இல் தொடங்கிய அகாடமி ஃபேண்டாசியாவைத் தமிழ்க் குடும்பங்களும் விழுந்து விழுந்து பார்த்தன. 2005இல் ஃபெல்டா குடியேற்றப் பகுதியிலிருந்து வந்த மாவி பட்டம் வென்றபோது, தோட்டப்புறத்து இளைஞர்களுக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி இருந்தது. செம்பனைக் காட்டிலிருந்தும் ஒருவர் மேடைக்கு வரலாம் போலிருக்கிறதே என்று. அந்தப் போட்டியில் 'அஃப்மாசுக்' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. வெளியேற்றப்பட்ட மாணவர்களில் யார் திரும்ப வரவேண்டும் என்று ரசிகர்களே குறுந்தகவல் அனுப்பித் தேர்ந்தெடுப்பார்கள்.

கொள்கை என்று பார்த்தால் இது பிக்பாஸைவிட நேர்மையானது. அனுப்பியதும் மக்கள், அழைத்ததும் மக்கள். ஆனால் ஒவ்வொரு குறுந்தகவலுக்கும் காசு. அனுப்பாமலிருக்க ஒருமுறை காசு கட்டு. அனுப்பிய பிறகு அழைக்க மறுமுறை காசு கட்டு. பத்து பிரண்டாம் தொழிற்பேட்டையில் இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டு, முன்கட்டணக் கைப்பேசியில் பத்து வெள்ளிக்கு டாப் அப் போடும் பிள்ளைகளின் பணத்தில்தான் இந்த இரண்டாவது வாய்ப்பு நடந்தது. தொலைக்காட்சி நிலையங்கள் வெளியேற்றப்பட்டவர் மேல் காட்டிய இரக்கத்துக்கு ஒரு விலைப்பட்டியலும் இருந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை.

திரும்பி வருவதற்கு இன்னொரு கண்ணியமான வழியை ஜேக்லின் விக்டர் காட்டினார். 2004இல் முதல் மலேசியன் ஐடல். இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர் நாடு முழுவதும் உள்ள எல்லா இனத்தாரின் வாக்கிலும் வென்றார். மூன்று ஆண்டு கழித்து, 2007 டிசம்பரில் ஜகார்த்தாவில் ஏசியன் ஐடல் நடந்தபோது அவரே மலேசியாவுக்காக மறுபடி போட்டி மேடை ஏறினார். இந்தியாவிலிருந்து அபிஜித் சாவந்த், சிங்கப்பூரிலிருந்து ஹாடி மிர்சா என்று ஆறு நாட்டு வெற்றியாளர்கள். பட்டம் ஹாடி மிர்சாவுக்குப் போனது. ஜேக்லினுக்கு அதனால் எந்தக் குறைவும் வரவில்லை. பட்டம் வாங்கியவர் மறுபடி போட்டிக்கு வருவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது பாடுகிறவர்களுக்குத் தெரியும். இழப்பதற்கு அவரிடம் ஏதோ இருக்கிறது.

தமிழகத்து சூப்பர் சிங்கரும் இந்த வழியைத்தான் எடுத்துக்கொண்டது. 2006இல் தொடங்கிய அந்தப் போட்டி, 2012இல் பழைய போட்டியாளர்களை அணி அணியாகப் பிரித்து டி20 என்று ஒன்று நடத்தியது. பின்னாளில் சாம்பியன் ஆஃப் சாம்பியன்ஸ் என்ற பெயரிலும் பழைய குரல்கள் வந்தன. எல்லாருமே திரும்பி வந்தவர்கள் என்றால் யாருக்கும் யார் மேலும் குறையில்லை.

வீட்டைக் காலி செய் என்றால்

இங்கே மலாக்காவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. 'வெளியேற்றம்' என்ற சொல்லைக் கேட்டதும் தோட்டத்தில் பிறந்த ஒருவருக்கு முதலில் நினைவுக்கு வருவது தொலைக்காட்சி அல்ல.

மலாயாவில் ரப்பர் வணிகப் பயிராக வேர்விட்டதே மலாக்காவில்தான். 1896இல் டான் சாய் யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் முதன்முதலாகப் பெரிய அளவில் ரப்பர் நட்டார். அதைத் தொடர்ந்து புக்கிட் அசஹானில் அதைவிடப் பல மடங்கு பெரிய நிலத்தில். பிறகு மாநிலம் முழுவதும் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். கங்காணிகள் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கூட்டிவந்தார்கள்.

அந்த வாழ்க்கையின் முதல் விதி: வீடு தொழிலாளிக்குச் சொந்தமில்லை. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். பேர் வெட்டிவிட்டால் அம்மி, ஆட்டுக்கல், கோழி, பிள்ளைகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். யாரும் வாக்களிக்கவில்லை. வெளியேறும் நாளில் கைதட்டி வழியனுப்ப அரங்கமும் இல்லை, பழைய காட்சிகளைத் தொகுத்துப் போட்டுக் காட்டுபவரும் இல்லை.

திரும்பி வந்தவர்கள் உண்டு. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ரப்பர் விலை தரைக்கு வந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். 1934இல் அனைத்துலக ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் வந்து விலை மெல்ல எழுந்ததும் மறுபடி ஆள் தேவைப்பட்டது. அப்போது வந்தவர்களில் பலர் கங்காணி கையைப் பிடித்துக்கொண்டு வந்த புது ஆட்கள் அல்லர். முன்பே இங்கே இருந்து பழகியவர்கள், தாங்களாகவே வந்தார்கள். எந்தத் தோட்டத்தில் கூலி எவ்வளவு, எந்தத் துரை எப்படி, எந்தக் கங்காணி தலைக்காசு பிடிப்பவன் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இரண்டாம் முறை வருகிறவன் கண்ணைத் திறந்துகொண்டு வருகிறான். தோட்டத் துரைகளுக்கு இந்த விவரம் தெரிந்த ஆட்கள் மேல் ஒரு கண் எப்போதும் இருந்தது.

1969க்குப் பிறகு இன்னொரு அலை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயம் என்று வந்தபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் தமிழகம் திரும்பினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு மறுபடி உள்ளே வரும் கதவு திறக்கவில்லை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆள் குறைவாகத் தேவைப்பட்டது. நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போனது. தோட்டத்துப் பிள்ளைகள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபோனார்கள். தோட்டம் போனாலும் அதன் பெயர் பள்ளியில் தங்கிவிட்ட இடங்கள் மலாக்காவில் உண்டு.

பள்ளி என்றதும் இன்னொன்று. ஆறாம் ஆண்டுத் தேர்வு இருந்த காலத்தில், அதில் மலாய் மொழியில் போதிய தேர்ச்சி இல்லாத தமிழ்ப்பள்ளி மாணவர்கள் நேராகப் படிவம் ஒன்றுக்குப் போக முடியாமல் இருந்தது. புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டியிருந்தது. கூடப் படித்தவர்கள் ஒரு வகுப்பு முன்னால் போய்விடுவார்கள். ஓராண்டு கழித்து இவர் தம்பி வயதுப் பிள்ளைகளோடு படிவம் ஒன்றில் வந்து உட்காருவார். அந்த ஓராண்டு அவமானத்தை விழுங்கிக்கொண்டு படித்து மேலே வந்தவர்கள் நம் சமுதாயத்தில் ஏராளம். 'இரண்டாவது வாய்ப்பு' என்பதை இவர்கள் கேலி செய்ய மாட்டார்கள்.

அதனால்தான் ஒரே வீட்டில் இரண்டு ரசிகர்கள் உருவாகிறார்கள். பேரன் வாக்குக் கணக்குப் பார்க்கிறான். "பாட்டி, அவங்கள மக்கள் வேணாம்னு அனுப்பிட்டாங்க. இப்ப வந்தா அது மோசடி" என்கிறான். பாட்டிக்கு அந்தக் கணக்கு புரியாமலில்லை. "போனவ திரும்ப வர்றாடா. வரட்டுமே. வீட்டை விட்டுப் போறது லேசுன்னு நெனச்சியா நீ?" என்பார். இருவரும் ஒரே நிகழ்ச்சியைப் பார்க்கவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

ஜூலியும் ஓவியாவும்

இந்தப் பாட்டியின் பக்கத்துக்கு மிக வலுவான சான்று ஜூலி. 2017 ஜனவரியில் மெரினா கடற்கரையில் நடந்த சல்லிக்கட்டுப் போராட்டத்தில் முழக்கமிட்டு ஒரே வாரத்தில் உலகத் தமிழருக்கெல்லாம் அறிமுகமானவர். தொழில் தாதியர். அதே ஆண்டு ஜூன் 25இல் கமல்ஹாசன் தொடங்கிவைத்த முதல் பிக்பாஸில் போட்டியாளராக நுழைந்தார். ஓவியாவோடு அவருக்கு ஏற்பட்ட மோதலுக்குப் பிறகு, கைதட்டிய அதே கூட்டம் அவரைத் தூற்றத் தொடங்கியது. வீட்டை விட்டு வெளியேறிய பிறகும் கேலி நிற்கவில்லை. ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் செய்த தவற்றுக்கு ஓர் இளம்பெண் இத்தனை ஆண்டு தண்டனை அனுபவிக்க வேண்டுமா என்று கேட்டவர்கள் அப்போது மிகச் சிலர்.

2022 ஜனவரி 30இல் பிக்பாஸ் அல்டிமேட் தொடங்கியது. முன்னாள் போட்டியாளர்களை வைத்து, ஹாட்ஸ்டாரில் 24 மணி நேரமும் ஓடிய போட்டி. சினேகன், வனிதா, சுஜா வருணி, தாமரைச்செல்வி, அனிதா, நிரூப் ஆகியோரோடு ஜூலியும் வந்தார். ஐந்து ஆண்டு முன்பு பார்த்த பெண் அல்லர் இவர். பேச்சை அளந்து பேசினார். சண்டை வந்தால் நின்று பதில் சொன்னார். இறுதிக்கு மிக அருகில் வரை தாக்குப்பிடித்தார். திட்டிய ரசிகர்களிலேயே பலர் இம்முறை அவருக்காகப் பேசினார்கள். பட்டம் கிடைக்கவில்லை. ஆனால் 2017இல் பறிபோனதில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது.

வெட்டித் தொகுத்த ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக நாள் முழுவதும் ஓடிய நேரலை இதற்கு உதவியிருக்கக்கூடும். தொகுப்பாளரின் கத்தரிக்கோல் ஒருவரை வில்லியாக்குவது எளிது. இருபத்து நான்கு மணி நேரமும் ஒருவர் வில்லியாக இருப்பது கடினம்.

அந்தப் போட்டியில் இடையிலேயே கமல்ஹாசன் விலகிக்கொள்ள, சிலம்பரசன் தொகுத்து வழங்கினார். ஏப்ரல் 10இல் பட்டம் பாலாஜி முருகதாஸுக்கு. 2021 ஜனவரியில் முடிந்த நான்காவது சீசனில் ஆரி அர்ஜுனனிடம் தோற்று இரண்டாம் இடத்தில் நின்றவர் இவர். கோபக்காரர் என்று பெயர் வாங்கியிருந்தார். முதல் சீசனில் வைல்ட் கார்டாக வந்த பிந்து மாதவி இன்னும் சுவாரசியம். தமிழில் கிடைக்காத பட்டத்தை அடுத்த மாதமே, 2022 மே மாதம், தெலுங்கு பிக்பாஸ் நான்ஸ்டாப்பில் வென்றார். தெலுங்கில் பட்டம் வென்ற முதல் பெண்ணும் அவரே. ஒரு வாசலில் அடைத்தால் அடுத்த வாசல்.

எல்லாரும் இப்படி மீண்டு வந்துவிடவில்லை. ஐந்தாவது சீசனில் வெளியேற்றப்பட்டு 2021 நவம்பரில் வைல்ட் கார்டாகத் திரும்பிய அபிஷேக் ராஜா வந்த வேகத்தில் மறுபடியும் வெளியேறினார். வனிதாவும் 2019இல் இரண்டாம் முறை மக்கள் வாக்கிலேயே போனார். அல்டிமேட்டில் தாமாகவே பாதியில் கிளம்பினார். உள்ளே வருவதற்குத் தயாரிப்பாளர் கதவைத் திறக்கலாம். உள்ளே இருக்கவைப்பது அவர் கையில் இல்லை. இந்தியில் ராக்கி சாவந்த் 2006இன் முதல் சீசனிலிருந்து 2020இன் பதினான்காவது சீசனுக்குத் திரும்பி வந்து, இறுதிப் போட்டி வரை போய், பட்டத்துக்குப் பதில் 14 லட்சம் ரூபாயை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டியதும் ஒரு கணக்குத்தான். அந்த அம்மாவுக்கு வீட்டின் நெளிவு சுளிவு தெரிந்திருந்தது.

திரும்பி வராதவர் ஓவியா. 2017 ஆகஸ்டில் அவர் தாமாகவே வீட்டை விட்டுப் போனபோது, ரசிகர்கள் அவரைத் திரும்பக் கேட்ட அளவுக்குத் தமிழில் வேறு எந்தப் போட்டியாளரையும் கேட்டதில்லை. 'ஓவியா ஆர்மி' என்ற பெயரே அப்போது பிறந்தது. அவர் மனம் தளர்ந்த நிலையில் வெளியேறியவர். போட்டியாளராக மறுபடி வரவில்லை. 2018இல் இரண்டாவது சீசன் தொடங்கியபோது விருந்தாளியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். ரசிகர் கூப்பிட்டார் என்பதற்காக ஒருவர் திரும்பி வந்தே ஆக வேண்டியதில்லை. கூப்பிட்டவர்கள் தங்கள் பொழுதுபோக்கை நினைத்தார்கள். அவர் தம் உடல் மன நலத்தை நினைத்தார். பட்டம் வென்ற ஆரவ் பெயரைவிட ஓவியா பெயர் மக்கள் வாயில் அதிகம் நின்றது என்றால், அதற்கு இந்த மறுப்பும் ஒரு காரணம்.

வாக்கு யாருடையது?

முகேன் ராவ் 2019 அக்டோபர் 6இல் பட்டம் வென்றார். 50 லட்சம் ரூபாய் பரிசு. பிறகு 'வேலன்' படத்தில் கதாநாயகனாகவும் நடித்தார். அந்த வெற்றியைத் தங்கள் வெற்றியாக மலேசியத் தமிழர்கள் கொண்டாடினார்கள். ஆனால் ஒரு விஷயத்தைக் கொண்டாட்டத்தில் மறந்துவிட்டோம். அந்த ஆண்டு வாக்களிக்கும் வழிகள் ஹாட்ஸ்டார் செயலியும் தவறிய அழைப்பும். ஹாட்ஸ்டார் நம் நாட்டில் அறிமுகமானது 2021 ஜூன் மாதம்தான். ஆக, ஜாசினிலும் தம்பின் சாலையிலும் உட்கார்ந்து "நம்ம ஓட்டுக்கு என்னா மரியாதை" என்று கேட்டவர்களில் பலரிடம் வாக்கே இல்லை. முகேனை வெல்லவைத்தவர்களில் பெரும்பாலோர், அவரை அதற்கு முன் பார்த்திராத தமிழகத்து மக்கள். ஐந்தாவது சீசனில் மலேசியாவிலிருந்து போன நாடியா சாங் முதல் ஆளாக வெளியேற்றப்பட்டபோதும் தீர்ப்பு பெரும்பாலும் அங்கேதான். அவரைத் திரும்ப அழைக்க யாரும் நினைக்கவில்லை. வைல்ட் கார்டு அபிஷேக் ராஜாவுக்குப் போனது.

இங்கேதான் ரசிகரின் கோபத்துக்குச் சரியான முகவரி கிடைக்கிறது. திரும்பி வருபவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. கூப்பிட்டால் யார்தான் வரமாட்டார்கள்? கூப்பிடுவது யார், எந்த விதிப்படி, அந்த விதி முதல் நாளிலேயே சொல்லப்பட்டதா என்று கேட்கலாம். மூன்றாம் உலகம் என்ற தீவைக் காட்டிவிட்டுத் தொடங்கிய போட்டியில் யாரும் ஏமாறவில்லை. ரகசிய அறையைப் பதினோராவது வாரத்தில் நினைத்துக்கொண்டவர்கள் மேல்தான் சந்தேகம் வருகிறது. நம் நாட்டிலேயே வானவில் சூப்பர் ஸ்டார், ஆட்டம் நூறு வகை, பிக் ஸ்டேஜ் தமிழ் என்று போட்டிகள் நடந்திருக்கின்றன. குரல் தேர்வுக்கும் நடனத் தேர்வுக்கும் சென்ற முறை தோற்ற பிள்ளைகளே மறுபடி வரிசையில் நிற்பதை ஏற்பாட்டாளர்கள் எல்லாரும் அறிவார்கள். புலாவ் செபாங்கிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துத் தலைநகருக்குப் போய், மூன்று நிமிடம் பாடிவிட்டு, இரவுக்குள் வீடு திரும்பும் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்த முறை இல்லையென்றால் அடுத்த முறை வரலாமா, வந்தால் எந்தச் சுற்றிலிருந்து தொடங்க வேண்டும்? அதை விண்ணப்பப் பாரத்திலேயே இரண்டு வரியில் அச்சடித்துவிடலாம்.